பழுதான அக்செஸ் கோப்பை மீட்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளிலும், துணைப்பாட நிலையங்களிலும், சமூக அமைப்புகளின் சிறிய அலுவலகங்களிலும் மைக்ரோசாஃப்ட் அக்செஸில் செய்த தரவுக் கோப்புகள் இன்றும் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றை உருவாக்கியவர் இப்போது அங்கே இருப்பதில்லை. தேசிய சேவைக்குப் போகும் முன் கையில் நேரமிருந்த உறவுக்காரப் பிள்ளை செய்து கொடுத்ததாக இருக்கும், அல்லது வேலை மாறிப் போன கணக்காளர் விட்டுச் சென்றதாக இருக்கும். அந்தக் கோப்பு ஒரு நாள் திறக்க மறுக்கும்போது, அதன் உள்ளமைப்பு எதுவும் தெரியாத ஒருவர் கைக்குத்தான் அது வந்து சேர்கிறது. அவருக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. அக்செஸுடன் வரும் பழுதுபார்ப்புக் கருவியை இயக்குவது எப்படி என்பதே இதன் மையம் என்றாலும், அதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொத்தானை அழுத்துவது ஒரு நிமிட வேலை; தரவு தப்புமா தொலையுமா என்பது அந்த ஒரு நிமிடத்துக்கு வெளியேதான் முடிவாகிறது.

கோப்பு ஏன் பழுதாகிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் பின்வரும் படிகளின் காரணம் விளங்கும். அக்செஸ் கோப்பு, 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. தரவு, அதைத் தேட உதவும் குறியீட்டு வரிசை, படிவங்கள், நிரல் வரிகள் ஆகிய அனைத்தும் அந்தப் பக்கங்களில்தான் கிடக்கின்றன. பெரிய தரவுத்தளங்களில் இருப்பதைப் போல எழுத்து வேலையை ஒரே இடத்தில் வாங்கிச் செய்யும் சர்வர் நிரல் இங்கே கிடையாது. ஒவ்வொருவர் கணினியும் நேரடியாகக் கோப்புக்குள் சென்று எழுதுகிறது. ஒரே கணக்கு நோட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதுவதற்கு அது ஒப்பானது. எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு கணம் அறுந்தாலோ, யாராவது கணினியை நேரடியாக அணைத்தாலோ, தம்ப் டிரைவைப் பிடுங்கினாலோ, ஒரு பக்கம் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். அடுத்த முறை அக்செஸ் அந்தப் பக்கத்தைத் தொடும்போதுதான் கோளாறு வெளியே தெரியும். ஆகவே பிழைச்செய்தி தோன்றிய நேரத்தில் கணினிமுன் இருந்தவரைக் குறை சொல்வதில் பொருளில்லை.

முதலில் அனைவரையும் வெளியேற்றி நகல் எடுங்கள்

அந்தக் கோப்பைப் பயன்படுத்தும் எல்லோரும் அக்செஸை மூட வேண்டும். கோப்பு இருக்கும் அதே அடைவில் அதே பெயருடன், எல்ஏசிசிடிபி என்ற நீட்டிப்புடன் ஒரு சிறு கோப்பு கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய எம்டிபி கோப்பு என்றால் அதன் நீட்டிப்பு எல்டிபி என்றிருக்கும். இது பூட்டுக் கோப்பு. கடைசி நபர் முறையாக வெளியேறியதும் தானாகவே மறைந்துவிட வேண்டியது. மறையவில்லை என்றால், யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார், அல்லது யாருடைய கணினியோ இடையில் நின்றுபோயிருக்கிறது. அதை நோட்பேடில் திறந்தால் குப்பை போன்ற எழுத்துகளுக்கிடையே கணினிகளின் பெயர்கள் தெரியும். வெளியேறியவர்களின் பெயரும் சில சமயம் அதில் தங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு கணினியையும் நேரில் போய்ப் பார்ப்பதே நம்பகமானது. எல்லோரும் வெளியேறியது உறுதியான பிறகும் அது கிடந்தால் அழித்துவிடலாம்.

அடுத்து, பழுதான கோப்பை இரண்டு நகல்கள் எடுங்கள். ஒன்றை வெளி வன்தட்டிலோ தம்ப் டிரைவிலோ போட்டு, அதன் பண்புகளில் 'ரீட் ஒன்லி' என்று குறித்து ஒதுக்கிவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைத் திறக்க வேண்டாம். மற்றொன்றை நெட்வொர்க்கில் வைக்காமல், நீங்கள் அமர்ந்திருக்கும் கணினியின் சொந்த வன்தட்டில் வையுங்கள். இனி வரும் எல்லா வேலையும் இந்த இரண்டாவது நகலில்தான். பழுதுபார்ப்பு முயற்சி ஒவ்வொன்றும் கோப்பை மாற்றக்கூடியது. முதல் முயற்சி நிலைமையை மோசமாக்கினால், இரண்டாவது முயற்சியைத் தொடங்குவதற்குப் பழைய நிலை கையில் இருக்க வேண்டும்.

நகல் எடுக்கும்போதே பாதியில் பிழை வந்து நின்றால், பழுது கோப்பில் மட்டும் இல்லை, வன்தட்டிலும் இருக்கக்கூடும். அந்நிலையில் 'செக் டிஸ்க்' முதலிய வட்டுச் சீரமைப்புக் கருவிகளை அவசரப்பட்டு ஓட்ட வேண்டாம். சாகும் நிலையிலுள்ள வட்டை அவை மேலும் வேலை வாங்கும். வட்டில் இருப்பதை முழுமையாக வேறு வட்டுக்குப் படியெடுப்பதுதான் அங்கே முதல் வேலை, அதை விவரம் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

உண்மையிலேயே பழுதுதானா?

பழுது என்று கொண்டுவரப்படும் கோப்புகளில் சில முழு நலத்துடன் இருக்கின்றன. அக்செஸ் 2013 முதல் வந்த பதிப்புகள், அக்செஸ் 97 வடிவிலுள்ள எம்டிபி கோப்புகளைத் திறப்பதில்லை. கணினியை மாற்றிய மறுநாள் 'கோப்பு திறக்கவில்லை' என்றால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். அக்செஸ் 2010 அல்லது 2007 வைத்திருப்பவரிடம் கொடுத்துப் புதிய வடிவுக்கு மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. அதேபோல் ஒரு அக்செஸ் கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளர இயலாது; அந்த எல்லையை நெருங்கிய கோப்பு விசித்திரமான பிழைகளைத் தரும், கீழே வரும் கருவியால் சுருக்கினாலே சரியாகிவிடுவதும் உண்டு.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே உரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. யூனிகோடு பரவலாவதற்கு முன், 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும், உறுப்பினர் பெயர்களைத் திஸ்கி முதலிய எட்டு பிட் குறியாக்கங்களில் தட்டச்சு செய்து வைத்த அமைப்புகள் இங்கே பல. அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அவை தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். இது பழுதே இல்லை. பழைய எழுத்துருவை நிறுவினால் தெரிந்துவிடும், குறியாக்க மாற்றி கொண்டு யூனிகோடாக்கிவிடலாம். மாறாக, ஆங்கிலத்தில் எழுதி வைத்த முகவரிப் புலத்தில் திடீரென்று சீன எழுத்துகள் தோன்றினால் அது உண்மையான பழுதுக்கு நல்ல அடையாளம். சிதைந்த பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து யூனிகோடாகப் படிக்கும்போது அவை பெரும்பாலும் சீன எழுத்துகளின் இடத்தில் போய் விழுகின்றன. சிங்கப்பூரில் இதைப் பார்ப்பவர், சீன வாடிக்கையாளர் யாரோ விவரம் எழுதியிருக்கிறார் என்று கடந்து போய்விடக்கூடும். சீனம் தெரிந்த ஒருவரிடம் காட்டினால், அதில் வாக்கியமே இல்லை என்று உடனே சொல்லிவிடுவார்.

இன்னொரு சோதனையும் எளிது. நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். புதிய வடிவான ஏசிசிடிபி கோப்பு என்றால் 'ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி' என்றும், எம்டிபி என்றால் 'ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி' என்றும் ஆங்கில எழுத்துகளில் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். அது இருந்தால் நம்பிக்கை வைத்துத் தொடரலாம். அது இல்லாமல் கோப்பு முழுவதும் வெற்றிடமாகவோ, ஒழுங்கே இல்லாத குறிகளாகவோ இருந்தால், உள்ளடக்கம் சுழியங்களால் நிரம்பிவிட்டது அல்லது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பிணைப்பண நச்சுநிரல் அதை மறையாக்கம் செய்துவிட்டது என்று பொருள். எந்தப் பழுதுபார்ப்புக் கருவியும் அத்தகைய கோப்பை மீட்காது. பழைய காப்பு நகலைத் தேடுவதே வழி. அடைவின் பண்புகளில் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' என்ற பகுதியையும் ஒருமுறை பாருங்கள், விண்டோஸின் காப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அங்கே பழைய பதிப்பு இருக்கலாம்.

கருவியை இயக்குதல்

அக்செஸில் உள்ள கருவியின் பெயர் 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் டேட்டாபேஸ்'. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே அதை அழுத்தலாம் என்றாலும், அப்படிச் செய்தால் சீரமைத்த கோப்பு பழைய கோப்பின் இடத்திலேயே போய் அமர்ந்துவிடும். ஆகவே எந்தக் கோப்பையும் திறக்காமல் இயக்குவதே சிறந்தது. இங்கே புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு: அண்மைப் பதிப்புகளில் அக்செஸைத் திறந்தவுடன் வார்ப்புருக்களின் பட்டியல்தான் வருகிறது, கருவிகள் கண்ணில் படுவதில்லை. 'பிளாங்க் டேட்டாபேஸ்' ஒன்றைத் திறந்து, பிறகு 'ஃபைல்' பட்டியில் 'குளோஸ்' அழுத்துங்கள். இப்போது கோப்பு எதுவும் திறந்திராத நிலையில் மேல்பட்டை மட்டும் இருக்கும். அதில் 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதிக்குச் சென்று மேற்சொன்ன பொத்தானை அழுத்தினால், எந்தக் கோப்பைச் சீரமைக்க வேண்டும் என்று முதலில் கேட்கும், எந்தப் பெயரில் சேமிக்க வேண்டும் என்று அடுத்துக் கேட்கும். இரண்டாவது கேள்விக்குக் கட்டாயம் புதுப்பெயர் கொடுங்கள். வட்டில் கோப்பின் அளவைப் போல் இருமடங்காவது காலியிடம் இருக்கட்டும்.

கருவி பழைய கோப்பைத் திருத்துவதில்லை. அதில் படிக்க முடிந்தவற்றை எடுத்துப் புதுக்கோப்பு ஒன்றில் ஒழுங்காக அடுக்குகிறது. படிக்க முடியாதவற்றைப் பெரும்பாலும் ஓசையின்றி விட்டுவிடுகிறது. கோப்பைத் திறக்கும் நிலைக்குக் கொண்டுவருவது அதன் வேலை. உங்கள் பதிவுகள் அனைத்தும் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது உங்கள் வேலை.

கணினியில் அக்செஸ் இல்லை, கோப்பும் பழைய எம்டிபி வகை என்றால், விண்டோஸிலேயே மறைந்திருக்கும் ஒரு வழி கைகொடுக்கும். தேடல் பெட்டியில் 'ஓடிபிசி டேட்டா சோர்சஸ்' என்பதன் 32 பிட் வடிவைத் தேடித் திறந்து, 'ஆட்' அழுத்தி, எம்டிபி கோப்புகளுக்கான 'மைக்ரோசாஃப்ட் அக்செஸ் டிரைவர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். அடுத்து வரும் பெட்டியில் 'ரிப்பேர்', 'காம்பேக்ட்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். கோப்புக்குப் புதிய இணைப்பு எதுவும் உருவாக்காமல் அந்தப் பொத்தான்களை மட்டும் பயன்படுத்திவிட்டு வெளியேறலாம்.

திறந்துவிட்டால்

பலர் இந்த இடத்தில் மகிழ்ந்து வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பொறுத்திருங்கள். சீரமைப்பின்போது ஏதேனும் இடர் நேர்ந்திருந்தால், கருவி அதை 'எம்சிஸ்காம்பேக்ட்எரர்' என்ற அட்டவணையில் குறித்து வைக்கும். அது கண்ணில் படவில்லை என்றால், இடப்புறப் பட்டியலின் தலைப்பில் வலச்சொடுக்கு செய்து, 'நேவிகேஷன் ஆப்ஷன்ஸ்' பெட்டியில் 'ஷோ சிஸ்டம் ஆப்ஜெக்ட்ஸ்' என்பதைக் குறியிடுங்கள். எந்த அட்டவணையில் என்ன பிழை என்பது அதில் வரிவரியாக இருக்கும்.

பிறகு எண்ணிக்கை. ஒவ்வொரு அட்டவணையிலும் எத்தனை பதிவுகள் உள்ளன என்பதைப் பழைய காப்பு நகலுடனோ, கடைசியாக அச்சிட்ட அறிக்கையுடனோ ஒப்பிடுங்கள். விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) எண்கள் இடையில் விட்டுப்போயிருக்கின்றனவா என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். பொருள் சேவை வரி செலுத்தும் வணிகம் என்றால், ஏற்கெனவே தாக்கல் செய்த காலாண்டின் மொத்தத் தொகையும் இப்போது கோப்பு காட்டும் தொகையும் ஒத்துப்போவது மிகச் சிறந்த சோதனை. வணிகக் கணக்குப் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி என்பதால், இந்த ஒப்பீட்டுக்கான தாள்கள் உங்களிடம் எங்கேனும் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக 'ரிலேஷன்ஷிப்ஸ்' சாளரத்தையும், ஒவ்வொரு அட்டவணையிலும் பதிவுகளைத் தனித்தனியே அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோலையும் பாருங்கள். ஒரே எண்ணில் இரண்டு பதிவுகள் உருவாகிவிட்டால் கருவி அத்திறவுகோலை நீக்கிவிட்டு மேலே போகும். அதைச் சார்ந்த உறவுகளும் அறுந்திருக்கும். கோப்பு நன்றாகத் திறக்கும், படிவங்களும் ஓடும், ஆனால் அன்றிலிருந்து இரட்டைப் பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும். இது தெரியவரும்போது பெரும்பாலும் மாதங்கள் ஓடியிருக்கும்.

திறக்கவில்லை என்றால்

வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, 'எக்ஸ்டர்னல் டேட்டா' பகுதியில் 'நியூ டேட்டா சோர்ஸ்', 'ஃப்ரம் டேட்டாபேஸ்', 'அக்செஸ்' என்று சென்று, பழுதான நகலிலிருந்து பொருள்களை இறக்குமதி செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே முறையில் தெரிவு செய்தால் ஒரு பழுதான பொருளால் மொத்த வேலையும் நின்றுவிடும். அட்டவணைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். நலமாக உள்ளவை வந்து சேரும், பழுதானது எது என்பது தானாகத் தெரியும். பெரும்பாலும் ஓர் அட்டவணையில்தான் நோய் இருக்கும்.

அந்த ஒன்றை எப்படி மீட்பது? தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் உள்ள தையல் கடை ஒன்றின் வாடிக்கையாளர் அட்டவணையில் 4,000 பதிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றுடன், ரவிக்கை அளவுகளை விரிவாக எழுதி வைக்க 'மெமோ' வகைப் புலம் ஒன்றும் உண்டு. புதிய பதிப்புகளில் இதை 'லாங் டெக்ஸ்ட்' என்கிறார்கள். நீண்ட உரையை அக்செஸ் பதிவுடன் சேர்த்து வைப்பதில்லை. வேறு பக்கத்தில் வைத்துவிட்டு, அதைச் சுட்டும் முகவரியை மட்டும் பதிவில் எழுதுகிறது. அந்த முகவரி கெட்டுவிட்டால் பதிவு முழுவதுமே படிக்க முடியாததாகிவிடும். ஆகவே பழுதான அட்டவணையைப் புதுக்கோப்புடன் இணைத்து, மெமோ புலத்தை விட்டுவிட்டு மற்றப் புலங்களை மட்டும் புதிய அட்டவணையில் எழுதும் வினவல் (கொயரி) ஒன்றை முதலில் ஓட்டுங்கள். பல நேரங்களில் 4,000 பெயர்களும் தொலைபேசி எண்களும் இப்படியே வந்துவிடும்.

அளவுக் குறிப்புகளை அடுத்து எடுங்கள். வாடிக்கையாளர் எண் 1 முதல் 2,000 வரை என்று வரம்பிட்டு ஒரு வினவல் ஓட்டுங்கள். அது முடிந்தால் முதல் பாதி நலம். 2,001 முதல் 4,000 வரை ஓட்டும்போது பிழை வந்தால், 2,001 முதல் 3,000 வரை என்று பாதியாக்குங்கள். பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் பத்துப் பன்னிரண்டு ஓட்டங்களில் குற்றவாளிப் பதிவின் எண் கையில் கிடைத்துவிடும். அதை மட்டும் விட்டு முன்னும் பின்னும் உள்ளவற்றை எடுத்துக்கொண்டு, விடுபட்டவர்களுக்கு அடுத்த முறை கடைக்கு வரும்போது அளவெடுத்துக்கொள்ளலாம். சலிப்பான வேலைதான், ஆனால் பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளில் எதிர்பார்க்கும் பலனில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

எண்வரம்பிட்ட வினவலே ஓடவில்லை என்றால் குறியீட்டு வரிசை கெட்டிருக்கலாம். அப்போது லினக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். 'எம்டிபி டூல்ஸ்' என்ற திறமூலக் கருவித்தொகுப்பு, அக்செஸின் உதவியே இல்லாமல் அட்டவணைகளைப் படித்துச் சாதாரண உரைக் கோப்பாக வெளியே கொட்டும்.

தரவு நலமாக இருந்து படிவமோ நிரல் பகுதியோ மட்டும் கெட்டிருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம். பழைய காப்பு நகலிலிருந்து அந்தப் படிவத்தை இறக்குமதி செய்துகொள்ளுங்கள். படிவங்கள் எப்போதோ ஒருமுறைதான் மாறுகின்றன. ஓராண்டு பழைய நகலும் உதவும்.

விலைக்கு வாங்கும் கருவிகளும் இணையச் சேவைகளும்

இவை எதுவும் பலிக்காதபோது வணிக மீட்புக் கருவிகளை நாடலாம். பல கருவிகளின் இலவசப் பதிப்பு, எவற்றை மீட்க முடியும் என்று திரையில் காட்டும். சேமிக்கத்தான் பணம் கேட்கும். காட்டப்படும் அட்டவணைப் பெயர்களைப் பார்த்து ஏமாறாமல், பழுதான அட்டவணையின் பதிவுகளுக்குள்ளேயே சென்று பார்த்த பிறகே கட்டணம் செலுத்துங்கள். இலவசமாக உடைத்துத் தரப்படும் திருட்டுப் பதிப்புகள் பக்கமே போக வேண்டாம். ஒரு கோப்பைக் காப்பாற்றப் போய் எல்லாக் கோப்புகளையும் பிணைப்பண நச்சுநிரலுக்குக் கொடுப்பதில் முடியலாம்.

கோப்பை இணையத்தில் ஏற்றினால் சீரமைத்துத் தருகிறோம் என்னும் சேவைகளைப் பற்றி என் கருத்து கடுமையானது. உங்கள் கோப்பில் இருப்பது பிறருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண். பழைய கோப்பு என்றால் அடையாள அட்டை எண்களும் இருக்கும். சட்டப்படி தேவைப்படும் இடங்கள் முதலிய சில சூழல்களைத் தவிர அவ்வெண்களைத் திரட்டக் கூடாது என்ற வழிகாட்டு நெறிமுறை 2019 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்தது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, வேறு நிறுவனத்திடம் கொடுத்து வேலை வாங்கினாலும் தகவலுக்கான பொறுப்பு உங்களைவிட்டு நீங்குவதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு. 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்படும் கசிவு நேர்ந்தால், அது அறிவிக்கத்தக்கது என்று மதிப்பிட்டதிலிருந்து 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்றே தெரியாத தளத்தில் உறுப்பினர் பட்டியலை ஏற்றுவதைவிட, உள்ளூர் மீட்பு நிறுவனம் ஒன்றில் எழுத்துவழி உடன்பாட்டுடன் நேரில் ஒப்படைப்பது மேல்.

மீண்டும் பயன்பாட்டுக்கு விடும்முன்

மீட்ட கோப்பில் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். தானியங்கி எண் சில சமயம் பழைய எண்ணிலிருந்து மீண்டும் தொடங்கி, ஏற்கெனவே உள்ள எண்ணுடன் மோதும். இன்னொரு முறை காம்பேக்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிறகு கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதியில், தரவை நகர்த்தும் கருவிகளுக்கிடையே 'அக்செஸ் டேட்டாபேஸ்' என்ற பொத்தான் இதற்காகவே உள்ளது. அட்டவணைகள் மட்டும் உள்ள பின்புறக் கோப்பு பொது அடைவில் இருக்கும். படிவங்கள் உள்ள முன்புறக் கோப்பின் நகல் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். பின்புறக் கோப்பைத் தொடும் கணினிகளை வைஃபையில் விடாமல் கம்பிவழி இணையுங்கள். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் முதலிய ஒத்திசைவு அடைவுகளில் பலர் பயன்படுத்தும் கோப்பை வைக்கவே கூடாது. அவை கோப்பை முழுதாக மாற்றிப் போடுபவை, பக்கம் பக்கமாக எழுதும் அக்செஸின் முறைக்கு ஒவ்வாதவை. இத்தனைக்குப் பிறகும், கோப்பு முரண்பட்ட நிலையில் உள்ளது என்ற செய்தி அடிக்கடி வந்தால், கோப்பைப் பகிரும் கணினியின் 'லீசிங்' வசதியை, அதாவது கோப்பின் பகுதிகளைப் பயனர் கணினிகள் தற்காலிகமாகத் தம்மிடம் வைத்துக்கொள்ள விடும் வசதியை, சந்தேகியுங்கள். 2018-இல் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பை அடுத்து இச்சிக்கல் பரவலாகத் தலைதூக்கியது. அவ்வசதியை முடக்குவதே மைக்ரோசாஃப்ட் அப்போது தந்த மாற்றுவழி.

காப்பு நகலை நாள்தோறும் கடை அடைத்த பிறகு, எல்லோரும் வெளியேறிய நிலையில், தேதியிட்ட பெயருடன் எடுங்கள். ஒரே நகலின் மேல் திரும்பத் திரும்ப எழுதினால், பழுதான கோப்பு நல்ல நகலை விழுங்கிவிடும்; ஏழு நாள்களின் நகல்களாவது தனித்தனியே இருக்கட்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களைப் போல வேலை குவியும் காலத்துக்கு முன்பாக, அவற்றில் ஒன்றை வேறு கணினியில் திறந்து, பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.